கவியாவின் முகத்தில் தடவியது யார்

வேங்கிக்கால்,
4-7-2025, வெள்ளி

கவியாவின் அப்பாவுக்கு,

இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மை அதுவல்ல, பிள்ளை நலமாக இல்லை.

போனில் பேசினால் இரண்டாம் நிமிடமே சண்டையாகிறது, பிள்ளையைப் பற்றி எதுவானாலும் கடிதமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்பக் கோர்ட் ஆலோசகர் அம்மா சொன்னாரே, அதனால் எழுதுகிறேன். நாளைக்குச் சனிக்கிழமை அவள் உங்களிடம் வரும்போது பையில் கணக்கு நோட்டோடு இதுவும் வரும். உறையை ஒட்டியிருக்கிறேன். ஒட்டியபடியே வந்ததா என்று சொல்லுங்கள்.

விஷயம் அவள் முகம். பதினொரு வயதிலேயே பரு வருவது இப்போதெல்லாம் சகஜம் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். ஏப்ரலில் நெற்றியில் நாலைந்துதான் இருந்தன. மே லீவில் இருபது நாள் உங்களோடு இருந்துவிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்து, வழவழவென்று, யார் வீட்டுப் பிள்ளையோ போல இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். ஜூன் பாதியில் இரண்டு கன்னமும் சிவந்து, கொத்துக் கொத்தாகப் பரு கிளம்பிவிட்டது. வெயிலில் நின்றால் "எரியுதும்மா" என்கிறாள்.

கேட்டால் பதில் வருவதில்லை. பள்ளிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறாள். போன வாரம் அவள் பையில் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சளாக ஏதோ குழைத்து வைத்திருந்தது. அது உங்கள் அக்கா கொடுத்ததுதானே? என்ன கலந்தது, எத்தனை நாளாகத் தடவுகிறார்? சுற்றி வளைக்காமல் பதில் எழுதவும்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்,
6-7-2025, ஞாயிறு

எழிலரசிக்கு,

உறை ஒட்டியபடியே வந்தது. நான் பிரிப்பதைப் பிள்ளை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவில் இருந்தது கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும். போன மாதம் ஒருநாள் அக்கா குழைத்துக் கொடுத்தாள். "வேணாம் அத்தை, நாத்தம் வருது" என்று கவியா தடவவே இல்லை. புருஷனை இழந்து எட்டு வருஷமாக என்னோடு இருக்கிற திரௌபதி அக்காவை நீ எப்போதுமே சந்தேகமாகத்தான் பார்த்தாய். இதுவும் அதில் ஒன்று.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியில் அவளைக் 'கடலமுட்டாய்' என்று கூப்பிடுகிறார்களாம். நேற்று நிலத்தில் கடலைச் செடி பார்க்கப் போனபோது, "அப்பா, இதுக்கு இந்தப் பேரே இல்லாம இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றாள். எதற்கென்று கேட்டு, கேட்டு, கடைசியில்தான் சொன்னாள். நீ தினமும் பார்க்கிற பிள்ளை. உனக்கு எப்படித் தெரியாமல் போனது?

உன் கடிதங்களை ஃபைலில் வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல். ஆகஸ்ட் 22 வாய்தாவில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பேச்சு வருகிறது. என்னிடமும் சில விஷயங்கள் இருக்கின்றன. காட்டவேண்டிய நேரத்தில் காட்டுவேன்.

சக்கரபாணி

*

வேங்கிக்கால்,
18-7-2025, வெள்ளி

கவியாவின் அப்பாவுக்கு,

மிரட்டலுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் முதலில் கேட்டார்: "ஸ்டீராய்டு கலந்த க்ரீம் எத்தன மாசமா போடறீங்க?" நான் ஒன்றும் போடுவதில்லை என்றேன். "யாரோ போட்டிருக்காங்கம்மா. ரெண்டு மூணு மாசம் இருக்கும். போட்டா மொதல்ல பளபளன்னு ஆவும், விட்டா இப்படித்தான் கெளம்பும். சின்னப் புள்ளைங்க தோலு மெல்லிசு." கவியாவை அவரே கேட்டார். அவள் "தெரியாது" என்றாள். பயந்துபோய்ச் சொன்ன 'தெரியாது' அது. யாரையோ காப்பாற்றுகிறாள்.

அந்த இருபது நாள் அவள் உங்கள் வீட்டில் இருந்தாள். அங்கே பெண் என்றால் உங்கள் அக்கா ஒருவர்தான். மெடிக்கல் கடையில் 'வெள்ளையாக்குற க்ரீம்' கேட்டு வாங்கியிருப்பார். கறுப்பாக இருக்கிறாள் என்று பிறந்த அன்றே சொன்னவர்தானே. அவரிடம் கேளுங்கள்.

இனி இரண்டு வீட்டிலும் ஒரே முறை. காலையும் மாலையும் டாக்டர் எழுதிய ஃபேஸ்வாஷ் போட்டு விரல் நுனியால் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உடனே மாய்ஸ்சரைசர். வெளியே கிளம்பினால் சன்ஸ்க்ரீன், நிலத்துக்குப் போனாலும்தான். நெற்றியில் எண்ணெய் வழியும்படி தலைவாரக் கூடாது. பருவைக் கிள்ளினால் தழும்பு விழும். தலையணை உறையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பருவுக்கான மருந்தை எரிச்சல் அடங்கியபிறகு தருவாராம். முகம் சரியாவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், நடுவில் மோசமாவது போலவும் தெரியும் என்றார். எல்லாம் அவளே செய்யட்டும், நாம் ஞாபகப்படுத்தினால் போதும் என்றும் சொன்னார்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்,
20-7-2025, ஞாயிறு

எழிலரசிக்கு,

நீ நினைத்தது நடந்துவிட்டது. அக்கா வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் நான் கேட்டேன். குரல் உயர்த்தவில்லை. "அக்கா, புள்ள மூஞ்சில ஏதாச்சும் க்ரீம் போட்டியா?" என்று மட்டும்தான். சாமி மாடத்தில் கற்பூரத்தை ஏற்றி, "அண்ணாமலையாரு மேல சத்தியமா இல்லடா. பச்சப்புள்ள மூஞ்சில கண்டதத் தடவுவேனா?" என்று கற்பூரத்தைக் கையால் அணைத்தாள். அணைத்த கையோடு பை எடுத்துப் புடவைகளை வைத்தாள். போளூரில் மகள் ரேவதி வீட்டுக்குப் போகிறாளாம். "சத்தியம் பண்ணச் சொன்ன வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்றாள். நான் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்தபின் அவளை ஒரு மாதிரிப் பார்த்திருக்கிறேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

அத்தை பஸ் ஏறியதிலிருந்து கவியா சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி நான் வற்புறுத்தி ஊட்டிய சோற்றையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

நீ எழுதியபடி ஃபேஸ்வாஷ் முதல் எல்லாம் வாங்கிவிட்டேன். பம்புசெட்டுத் தண்ணீரில் முகம் கழுவி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டாள். எரிந்திருக்கும். நான் எண்ணெய்ச் சீப்பை ஒளித்து வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் துழாவுகிறாயே, உன் பீரோவை ஒருமுறை திறந்து பார்.

சக்கரபாணி

*

வேங்கிக்கால்,
8-8-2025, வெள்ளி

கவியாவின் அப்பாவுக்கு,

பௌர்ணமிக்கு ஊரே கிரிவலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு பஸ்ஸில் காலை வைக்க முடியாது. அதனால் கவியாவை இந்த வாரம் அனுப்பவில்லை, கடிதம் தபாலில் வருகிறது. அவளிடம் கொடுத்தனுப்ப இஷ்டமில்லை என்பதும் ஒரு காரணம்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் டாக்டரைப் பார்த்தோம். சிவப்பு கொஞ்சம் கம்மி என்றார். சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். "உங்க கன்னத்துலயும் நரம்பு நூல் நூலா தெரியுதே. நீங்க என்ன போடறீங்க?"

எனக்குக் கன்னத்தில் கறுப்புத் திட்டாக மங்கு வந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போனபிறகு வந்தது. மெடிக்கல் கடையில் கேட்டேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாகத் தடவுகிறேன். பெயரைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதுவும் ஸ்டீராய்டு கலந்ததுதானாம். நான் கவியாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் பீரோவிலிருந்து ஒரு புது ட்யூப் காணாமல் போனது. எங்கேயோ வைத்துவிட்டேன் என்று இன்னொன்று வாங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவளே சொன்னாள். "நீ போட்டு உனக்கு மங்கு போச்சேம்மா. எனக்கும் பரு போவும்னு எடுத்தேன். தீந்ததும் நின்னுட்டேன், அப்புறம்தான் ஜாஸ்தியாச்சு."

"அத்தை மேல பழி வந்தப்ப ஏண்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா நீ அப்பாவுக்கு எழுதுவ. அப்பா ஃபைல்ல வச்சிருவாரு. ஜட்ஜு என்னை உங்கிட்டருந்து அனுப்பிருவாரு. ஃபைல நான் பாத்தேம்மா, ஓட்டை போட்டு வரிசையா வச்சிருக்காரு."

அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரலில் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சோட போட்டோ எடுக்க வரியா?" என்று சிரித்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது, அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

மூன்று நாள் இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதாவிட்டால் திரௌபதி அண்ணி தலையில் பழி நிற்கும், பிள்ளை அதைச் சுமந்துகொண்டே வளர்வாள். ஃபைலில் வையுங்கள். ஆனால் அவளை ஒன்றும் கேட்காதீர்கள்.

எழிலரசி

*

கீழ்பென்னாத்தூர்,
17-8-2025, ஞாயிறு

எழிலரசிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனேன். பொய் சொல்ல விரும்பவில்லை, கொடுக்கத்தான் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். அவர் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

நீ எழுதிய பிறகு நானும் எழுதவேண்டும். அந்த ட்யூபை நான் மே மாதமே பார்த்தேன். அவள் துணிப் பைக்குள் இருந்தது. நீதான் கொடுத்தனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வாய்தாவில் காட்டலாம் என்று. அவள் தினமும் தடவிக்கொண்டிருந்தாள், நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதை நீ எழுதியபோதாவது சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல், ஒன்றும் தெரியாதவன் போல அக்காவைக் கேட்டேன். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அந்தப் போட்டோ என் சட்டைப் பையிலிருந்த போனில்தான் இருந்தது. இப்போது சொன்னால் வீணாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டிருந்தால் மே மாதமே நின்றிருக்கும். அந்த ஒரு பழிக்கு வேறு யாரும் இல்லை, நான்தான்.

போட்டோவை அழித்துவிட்டேன். உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீயே வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வாய்தாவில் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம் என்று வக்கீலிடம் போனில் சொல்லிவிட்டேன்.

நேற்று சாப்பிடும்போது கவியா கேட்டாள்: "அம்மா தபால்ல என்னப்பா எழுதியிருந்தாங்க?"

"சன்ஸ்க்ரீன ரெண்டு விரல் நீளத்துக்கு எடுக்கணுமாம். நீ கம்மியா எடுக்கறியாம்."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.

அக்கா போனை எடுப்பதில்லை.

சக்கரபாணி

*

வேங்கிக்கால்,
24-8-2025, ஞாயிறு

உங்களுக்கு,

வெள்ளிக்கிழமை கோர்ட் வராந்தாவில் நீங்கள் என் பக்கம் பார்க்காமல் நின்றதற்கு எனக்குக் கோபமில்லை. நானும் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாய்தாவுக்குள் நாமே உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொன்னார்களே, பேசலாம். ஆலோசகர் அம்மா எதிரிலேயே பேசலாம், எனக்கு இன்னும் உங்கள்மேல் முழுசாக நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இன்று காலை கவியாவோடு போளூர் போய் வந்தேன். ரேவதிதான் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அண்ணி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் சொல்லவேண்டியதை பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் கவியா போய் அவர் முன்னால் நின்று, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "நாந்தான் அத்தை. அம்மாவுது எடுத்து நானே தடவிக்கிட்டேன்" என்றாள்.

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எரிச்சல் கம்மியாச்சா?" என்று அவளைத்தான் கேட்டார். இப்போது பரவாயில்லை என்று சொல்லி, என்னென்ன எப்போது போடவேண்டும் என்று கவியா விவரமாகச் சொன்னாள். டாக்டரம்மா மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னதைப் பார்த்து ரேவதிகூடச் சிரித்துவிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ எங்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் எழிலு" என்றார். எங்களுக்கு டீ கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

கிளம்பும்போது, "எப்ப அண்ணி வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நீ சொன்னது கடுதாசில. நீ வெளியாளு மாதிரி ஆயிட்ட, உட்டுத் தள்ளலாம். அவன் என் மூஞ்சியப் பாத்துக் கேட்டான்."

போட்டோவைப் பற்றி நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது. சொல்லாமல் கூப்பிட்டால் வரமாட்டார், சொன்னால் வருவார் என்றும் நிச்சயமில்லை. இருந்தாலும் போங்கள். ரேவதி ஒன்பதரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அதன்பிறகு அண்ணி தனியாகத்தான் இருப்பார். பத்து மணி வாக்கில் போனால் சரியாக இருக்கும்.

எழில்