அன்வரு, ஆஃப் பண்ணு!

என் அருமை அன்வர் மச்சான்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "செத்தவன்கிட்ட நலமான்னு கேக்கற ஆளு நீ ஒருத்தன்தாண்டா" என்பாய். நான் நலமில்லை. இடது முட்டி வீங்கியிருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்பதால் சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான்.

உன் யோசனை ஜெயித்துவிட்டது மச்சான். வேலையை எளிதாக்க யோசனை சொல்லச் சொல்லி கம்பெனியில் நடந்த கைசன் போட்டியில் முதல் பரிசு. மோல்டிங் மெஷினிலிருந்து விழும் பிளாஸ்டிக் பாகங்களைக் குனிந்து குனிந்து கூடையிலிருந்து எடுக்கிறோமே, அந்தக் கூடையை இடுப்பு உயர ஸ்டாண்டில் வைத்தால் நின்றபடியே எடுக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டாயே, அதுதான். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "இடுப்பு வலிச்சா லீவு போடு, ஐடியா போடாத" என்று கேன்டீனே கேட்கும்படி சிரித்தேன். அப்படிச் சிரித்தவனின் பெயரையும் உன் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறாய். எச்.ஆர். ஆபீசில் அந்தச் சீட்டைக் காட்டியபோதுதான் பார்த்தேன். எதற்காக எழுதினாய்?

பரிசு என்னவென்று உனக்குத் தெரியும். இரண்டு பேருக்கு இமாச்சல் மலையில் பனிச்சறுக்கு. கேன்டீன் சுவரில் அந்த போஸ்டரை ஒட்டிய அன்று, சாம்பார் கரண்டியோடு நின்று நீ போட்ட சபதமும் எல்லோருக்கும் தெரியும். "நானும் செல்வமும் போயி, மேலருந்து கீழ வரைக்கும் விழாம நின்னுக்கினே வந்து, வீடியோ எடுத்து எங்கூட்டு அம்மாவுக்கு அனுப்பல, என் பேரு அன்வர் இல்ல!" நிறுத்தி வைத்த வண்டியிலிருந்தே விழுகிற ஆள் என்று, தங்கச்சியென்று நான் கூப்பிடும் உன் மனைவி ஷமீம் உன்னைக் கிண்டல் செய்வாளே, அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த வீராவேசம்.

நீ போய் ஏழு மாதம் கழித்துப் பரிசு வந்தது. தங்கச்சியைத்தான் முதலில் போகச் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "எனக்கு ஃப்ரிட்ஜைத் தொறந்தாலே தும்மலு. நீங்களும் மல்லிகாண்ணியும் போங்கண்ணா. ஆனா அவரு சொன்ன மாதிரி விழாம நின்னுக்கினே வரணும். வீடியோ அனுப்பணும். அதப் பாத்தாத்தான் எனக்கு ஆறும்" என்றாள். அதோடு உன் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாவையும் கொடுத்தாள். எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான் மச்சான், அந்த வீடியோ.

கம்பெனி எந்த மாதத்தில் அனுப்பியது தெரியுமா? ஏப்ரலில். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் காய்த்துத் தொங்குகிற மாதத்தில் நாங்கள் பனி பார்க்கக் கிளம்பினோம். சீசன் முடிகிற நேரம், அறை சுலபமாகக் கிடைக்குமாம். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் வாந்தி, அப்புறம் மலை. போய் இறங்கினால் பாதிச் சரிவில் பழுப்புப் புல், மீதியில் அழுக்குப் பனி. மல்லிகா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம ஊரு ஐஸ் கம்பெனி வாசல்லயே நின்னிருக்கலாம்" என்றாள். நாளை மறுநாளோடு சறுக்குப் பாதையை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். ஆக, இரண்டு நாள்தான்.

கற்றுக்கொடுக்க வந்தவர் கிஷன். நம் வயதுதான் இருக்கும், மூக்கு மட்டும் வெயிலில் கறுத்துப்போன மனிதர். அவருக்கு இந்தி. எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் ஷாப் ஃப்ளோரில் பீகார் பையன்களிடம் பேசியதுதான்: பக்கடோ, சோடோ, ஜல்தி கரோ, பந்த் கரோ. பிடி, விடு, சீக்கிரம், நிறுத்து. இந்த நான்கை வைத்து ஒரு மலையை எப்படிச் சமாளிப்பது? நீ இருந்திருந்தால் உருதுவில் குழைந்து பேசி அவரிடம் ஒரு டீயும் வாங்கியிருப்பாய். காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, குதிகாலை அகட்டினால் வேகம் குறையும் என்று அவர் செய்து காட்டினார். எனக்கு முனையைச் சேர்க்கவும் வரவில்லை, குதிகாலை அகட்டவும் வரவில்லை. முதல் நாள் பதினேழு தடவை விழுந்தேன். எண்ணியது மல்லிகா. ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் காலையில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. நிற்கவே முடியவில்லை. மதியம் வெயில் ஏறியதும் எல்லாம் இளகி, நனைந்த ரவை மாதிரி ஆகிவிட்டது. இப்போது விழவில்லை மச்சான், ஆனால் நகரவும் இல்லை. பலகை அப்படியே பனியில் ஒட்டிக்கொண்டது. சரிவின் உச்சியில் சிலை மாதிரி நின்றேன். கிஷன் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஒரு குடும்பத்தைக் கவனிக்கப் போய்விட்டார். கீழே மல்லிகா போனைப் பிடித்தபடி, "வர்றியா இல்லயாய்யா? கை வலிக்குது!" என்று கத்துகிறாள். நாலு மணிக்குப் பாதையை மூடிவிடுவார்கள்.

ஒட்டுகிறது என்றால் மோல்டிங் ஷாப்காரன் கை எங்கே போகும்? ஆம், அதேதான். அச்சில் ஒட்டிய பாகம் ரிலீஸ் ஆகிக் கழன்று விழ அடிக்கிற சிலிக்கான் ஸ்பிரே. உன் லாக்கரைக் காலி செய்தபோது இருந்த அரை டப்பாவை, கம்பெனிப் பொருள் என்று தெரிந்தும், நான்தான் எடுத்துவைத்துக்கொண்டேன். பை ஜிப் மாட்டினால் அடிக்கலாம் என்று அங்கேயும் கொண்டு போயிருந்தேன். "ஒட்டுனா அடி" என்பதுதானே உன் வாழ்க்கைத் தத்துவம். உன் வீட்டு கேட் கிறீச்சிடுகிறது என்று அடித்து, அது தரையில் சொட்டி, ஷமீமின் பெரியப்பா வாசலில் நுழைந்தவர் வழுக்கிக்கொண்டு நேராகச் சமையலறையில் போய் நின்றாரே, அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. பலகைகளைக் கழற்றி, இரண்டின் அடியிலும் தாராளமாக அடித்து மாட்டிக்கொண்டேன். உன் குல்லாவை இறுக்கினேன். ஒரு தள்ளு.

அடுத்து நடந்ததைக் கம்பெனி பாஷையில் சொல்வதென்றால், ரிலீஸ் நன்றாக இருந்தது.

கிஷனைத் தாண்டினேன். அவர் கவனிக்கப்போன குடும்பத்தைத் தாண்டினேன். குதிகாலை அகட்டச் சொன்னது ஞாபகம் வந்தது, கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. "பந்த் கரோ! பந்த் கரோ!" என்று அலறுகிறேன். யாரை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. கிஷன் பின்னாலேயே ஓடி வருகிறார். ஆனால் மச்சான், நான் விழவில்லை. கை இரண்டும் காற்றைப் பிடிக்கிறது, ஆனாலும் நிற்கிறேன்.

பனி முடிந்து சேறு தொடங்கும் இடம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மேகி கடை. அப்போது என் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. குலசாமி பெயரில்லை, என்னைப் பெற்றவள் பெயருமில்லை. இருபத்திரண்டு வருஷமாக மெஷினில் எது மாட்டினாலும் என் வாயில் வருவது எதுவோ அதுவேதான் வந்தது. "அன்வரு! ஆஃப் பண்ணு! அன்வரூ!"

எதிரெதிர் மெஷின் நமக்கு. என் மெஷினை நிறுத்தும் பின்பக்கத்துச் சிவப்பு பட்டன் உன் கைக்கு எட்டும், உன்னுடையது என் கைக்கு எட்டும். நான் கத்தி முடிப்பதற்குள் நீ அடித்துவிடுவாய். நீ கத்தினால் நான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறியது ஒரே ஒரு தடவைதான். தண்ணீர் டேங்க் பார்க்க மாடிக்கு ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நீ யார் பெயரைக் கத்தினாய்? மிக்ஸி ஓடியதால் ஒன்றும் கேட்கவில்லை என்று ஷமீம் அழுதாள். நான் மத்தூரில் ஒரு காதுகுத்து விருந்தில் இரண்டாவது பந்திக்குக் காத்திருந்தேன். என்னைக் கூப்பிட்டாயா மச்சான்? இதை இத்தனை நாள் யாரிடமும் நான் கேட்கவில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். பலகை சேற்றில் குத்தி நின்றது. நான் நிற்கவில்லை. மேகி கடையின் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கில் போய் விழுந்தேன். ஓடிவந்த கிஷனிடம் விழுந்தது கணக்கில் வருமா என்று சைகையில் கேட்டேன். அவர் பனியைக் காட்டினார், சேற்றைக் காட்டினார். "பரஃப் கதம், ஸ்கீ கதம்" என்றார். பனி முடிந்தால் சறுக்கும் முடிந்தது, அப்புறம் விழுவது சொந்த விஷயம். நம் குவாலிட்டி டிபார்ட்மென்டில் இப்படி ஒருத்தர் இருந்திருந்தால் எத்தனை லாட் சரக்கு பாஸ் ஆகியிருக்கும்!

ஆனால் வீடியோ? நான் நேராக வருவதைப் பார்த்து மல்லிகா போனோடு ஓடிவிட்டாள். அதில் வானம் இருக்கிறது, அவள் செருப்பு இருக்கிறது, ஒரு நாயும் இருக்கிறது. நான் இல்லை. அதற்குள் பாதையை மூடிவிட்டார்கள்.

ஊர் வந்ததும் குல்லாவையும் போனையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிரும்மா, ஒண்ணும் தெரியல" என்று கொடுத்தேன். ஷமீம் பார்த்தாள். வானம், செருப்பு, நாய். அப்புறம் அந்தச் சத்தம். "அன்வரு! ஆஃப் பண்ணு!" மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போனதற்கப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "அவரு பக்கத்துல இருந்திருந்தா பட்டன அடிச்சிருப்பாரு, இல்லண்ணா?" என்றாள்.

"அடிச்சிருப்பான்மா" என்றேன்.

"அது போதும். எனக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

இன்னொரு சேதி. உன் மெஷினுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். சாமல்பட்டிக்காரப் பெண், கவிதா. கூடையை இடுப்பு உயரத்தில் வைத்து நிமிர்ந்து நின்று வேலை பார்க்கிறாள். யார் யோசனை என்று சொன்னேன். நேற்று என் மெஷினில் பாகம் மாட்டிக்கொண்டது. வழக்கப்படி கத்தினேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, யாரக் கூப்புடற? எம்பேரு கவிதா" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். மலை, மேகி கடை, மாடி, எல்லாவற்றையும். கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "சரிண்ணா. நீ அப்டியே கூப்புடு. அன்வருன்னா நாந்தான், அடிச்சிடறன்" என்றாள்.

ஆகவே ஒரு வாக்கு தருகிறேன் மச்சான். அந்தப் பெண் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் பட்டனில் என் கை இருக்கும். எந்த விருந்தாக இருந்தாலும், ஷமீம் கூப்பிட்டால் பந்தியில் பாதியிலேயே எழுந்து வருவேன். அப்புறம், இனி எங்கே எது மாட்டினாலும் உன் பெயரைத்தான் கத்துவேன். காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன், உனக்கு எதிர் மெஷின்,
செல்வம்