கொழுந்துக்கல் அத்தியாயம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாத்தளை டவுனில் சாப்பிடப் பாண், பேனை, குடைக்குப் புதுக் கம்பி வாங்கினேன். உடுப்பு இன்னும் காயவில்லை.

மதியம் என் மேற்பார்வையாளரின் மின்னஞ்சல். அவர் பெயரை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். ‘மே.’ போதும். சனிக்கிழமை இங்கே மரபுரிமைக் கருத்தரங்கு, அவர் பேச்சு. ஸ்லைட்டுகளில் எழுத்துப்பிழை பார்த்துத் தர வேண்டுமாம்.

திறந்தேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் கொழுந்துக்கல். என் முதுகலை ஆய்வின் மூன்றாம் அத்தியாயம், வரிக்கு வரி. நான் எடுத்த படங்கள். எட்டு மாதம் மலையேறி, அட்டைக்கடி வாங்கி எழுதியது. முதல் ஸ்லைட்டிலேயே “எனது கள ஆய்வு.” என் பெயர் எங்கும் இல்லை.

அழவில்லை. முதல் ஸ்லைட்டிலிருந்து மறுபடி பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

நான் வேலை செய்யும் சீகிரியா ஹோட்டலில் காலை ஷிப்ட். மழைக்கும் வரவேற்பு மேசைதான் பொறுப்பு போல ஒரு தம்பதி சண்டை. என் மனம் அங்கே இல்லை.

மே. திருடியது பழைய வரைவு. அதில் பிழை இருக்கிறது! கொழுந்து பறிக்கும் பெண்கள் முதல் கொழுந்தை அந்தக் கல்லில் வைப்பது நூறு வருட வழக்கம் என்று முதலில் நானும் நம்பி எழுதினேன். பிறகு அங்கே வேலை செய்யும் பாக்கியம் அக்கா உண்மையைச் சொன்னார். “அது வேன்ல வர்ற கைட் சொல்லிக் குடுத்தது புள்ள, வெள்ளைக்காரங்க படம் புடிக்க. எங்கம்மா காலத்துல அது வெறும் கல்லு.” அத்தியாயத்தையே மாற்றி எழுதி ஜனவரியில் அனுப்பினேன். மே. திறந்தே பார்க்கவில்லை.

ஒரு வரி எழுதிச் சொல்லலாம்.

சொல்லவில்லை. விடுபட்ட ஒற்று பதினொன்று, தப்பான ‘ழ’ ஒன்று, திருத்தி அனுப்பினேன். கீழே, ‘வாழ்த்துகள் சார்.’ அதை எழுதும்போது என்ன சுகம்.

மார்ச் 7, வெள்ளி

செய்ய: லீவு சொல்ல. சேலை இஸ்திரி. ஜனவரி மின்னஞ்சல், மூன்று பிரதி. பா. அக்காவுக்கு ஃபோன்.

“நாளைக்கு டவுனுக்கு வரச் சொல்றியே புள்ள, என்ன விசேசம்?”

“ஒரு கூட்டம்க்கா. உங்க மலையப் பத்திப் பேசுறாங்க. சாப்பாடும் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 8, சனி

மண்டபம் நிறைய ஆள். எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தின் தலைவர், பீடாதிபதி, முன்வரிசையில். மே. புதுக் கோட்டில். “நூறு வருடச் சடங்கு” என்று குரலை இறக்கிச் சொன்னார். திரையில் பாக்கியம் அக்காவின் படம்.

“அட, அது நான்தானே!” அக்கா எழும்பிவிட்டார்.

மே.க்கு ஒரே சந்தோஷம். “வாங்கம்மா, நீங்களே சொல்லுங்க.”

“நூறு வருசமா? நாலு வருசம்தாங்க சார். கைட்டு வைக்கச் சொன்னாரு, வைக்கிறோம்.”

மண்டபமே சிரித்தது. மே. கண்கள் என்னைத் தேடின. “என் மாணவி சேகரிச்ச தகவல் இது. அவங்க பிழையா எழுதியிருக்காங்க. ஸ்டெல்லா, எழும்புங்க.”

எழும்பினேன். “ஆமா சார். சேகரிச்சது நான், எழுதினது நான், படமும் நான் எடுத்தது. பிழையத் திருத்தி ஜனவரியிலேயே உங்களுக்கு அனுப்பிட்டேன்.” பிரதியைப் பீடாதிபதி கையில் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். திரையைப் பார்த்தார். “உங்க கள ஆய்வுன்னு போட்டிருக்கீங்களே?”

மே. தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். மூடியைத் திறக்க முடியவில்லை.

பிறகு பார்சல் சோறு. ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசி!

மார்ச் 13, வியாழன்

வெயில். பீடாதிபதியின் மின்னஞ்சல்: எனக்கு வேறு மேற்பார்வையாளர், மே. மீது விசாரணை. கூடப் படிக்கும் ஒருத்தி, “அவர் முகத்தப் பார்க்கப் பாவமா இருந்திச்சு” என்றாள். எனக்கு இல்லை. துளியும் இல்லை.

நாலு மணிக்கு அக்காவின் ஃபோன். கைட் அக்கா குடியிருக்கும் லயத்துக்கே வந்து கத்தினானாம். இனி அங்கே வேன் நிற்காது, படத்துக்குக் கிடைத்த காசும் இல்லை. மற்றப் பெண்கள் அக்காவோடு பேசுவதில்லை.

“உண்மையத்தானே சொன்னேன், அதுக்கு நான் வருத்தப்படல. ஆனா அந்தாளப் புடிக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள. கேட்டிருந்தா வந்திருப்பேன்.”

“அக்கா...”

வைத்துவிட்டார். மூன்று தடவை திரும்ப அழைத்தேன். பதில் இல்லை. அக்காவின் தோட்டத்துக்குப் போக, ரத்தோட்டைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும்.