ஊறாத சக்கை

வாளி மூடியைத் திறந்தால் ஈரமண்ணும் வெல்லமும் கலந்ததுபோல் ஒரு வாசனை. புளிப்பு இல்லை. நம் வெயிலில் கொஞ்சம் அதிகமாக ஊறினாலே சக்கை புளித்துவிடுகிறது. நேற்று ஒரு வாளி குப்பைக்குப் போயிற்று. கிள்ளிப் பார்க்கிறேன். உள்ளே கெட்டி இல்லை. உன் குதிரைக்கு வைக்கலாம்.

நீ போன பிறகு அவள் என் கொட்டகையில்தான் நிற்கிறாள். வாளி தூக்கி என் இடுப்பும் அவள் வயதுக்கு வந்துவிட்டது. "இன்னொரு தடவ தொண்டை அடைச்சா தாங்காதுங்க" என்று கால்நடை டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சுற்றிலும் கரும்பு விளையும் திருமானூருக்கு நீ சென்னையிலிருந்து சக்கை மூட்டை வரவழைத்தாய். பீட்ரூட் இனத்துக் கிழங்கில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுவது; ஊறவைக்காமல் கொடுத்தால் தொண்டையில் உப்பி அடைத்துவிடும். ஊர் அதற்கு 'பீட்ரூட் புண்ணாக்கு' என்று பெயர் வைத்தது. உனக்கும் ஒன்று வைத்தது; அதை எழுத முடியாது. பல் தேய்ந்த குதிரை வைக்கோலை மெல்லாது என்று நீ சொன்னதற்கு, "எங்க மாமனாருக்கும்தான் பல்லு இல்ல, முறுக்கு திங்கல?" என்றார்கள்.

செட்டிகுளத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு; மாப்பிள்ளை ஏறிப் போக அவளைக் கூட்டிப் போயிருந்தோம். மூட்டையை வண்டியோரம் வைத்துவிட்டு நீ சேணம் எடுக்கப் போன நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். "நம்ம வூட்டு விசேஷத்துக்கு வந்தது வாய் நனைக்காம நிக்குதே" என்று ஒரு முறம் நிறையக் காய்ந்த சக்கையை அள்ளி வைத்தார். விருந்தோம்பலில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டவர் பிழைப்பாரா என்பது தனி விஷயம்.

அவள் கழுத்தை நீட்டி இருமினாள். மூக்கு இரண்டிலும் எச்சிலோடு சக்கை வழிந்தது.

"விக்குது, தண்ணி காட்டுங்கப்பா!"

ஒருவர் சோடா உடைத்தார். இன்னொருவர் விளக்கெண்ணெயோடு ஓடிவந்தார். மண்டபம் முழுக்க மாட்டு வைத்தியர்கள். நீ ஓடிவந்து, அவள் வாயருகே வந்த தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டாய்.

"ஒன்னும் ஊத்தாதீங்க! நுரையீரலுக்குப் போயிரும்."

அவள் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தாய். தாய்மாமனுக்கு வேறு கவலை.

"நல்ல நேரம் போவுது. மாப்ள எப்டிங்க போவாரு?"

"நடந்து போகச் சொல்லுங்க. அவருக்குத் தொண்டை நல்லாத்தான இருக்கு?"

டாக்டர் மூக்கு வழியே குழாய் விட்டு அடைப்பைக் கரைக்கும் வரை நீ கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை நடந்தே போனார். கல்யாணம் நின்றுவிடவில்லை. திரும்பும் வழியில் சொன்னாய்: "பாசமாத்தான் வச்சாரு மச்சான், அந்தத் தாய்மாமன். பாசத்தயும் ஊறவச்சுத்தான் குடுக்கணும்."

உன் காரியத்தன்று எல்லோரும் பாசமாகவே பேசினார்கள். கிழட்டுக் குதிரையை விற்றுவிடலாம் என்பதையும் அப்படித்தான் சொன்னார்கள். உன் மனைவி, "சாப்புடுங்கண்ணே" என்று இலையில் சோறு வைத்தார். முதல் கவளமே இறங்கவில்லை. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். வேண்டாம் என்று எழுந்து போய், கட்டுத்தறியில் குதிரையின் பக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். போகும்போது கயிற்றை அவிழ்த்துக் கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது மெதுவாகத் தின்கிறாள். கடைசி வாய் இறங்கும் வரை நான் நகர்வதில்லை. பிறகு வாளியைக் கழுவி, சாயங்காலத்துச் சக்கையில் தண்ணீர் ஊற்றி மூடுகிறேன்.

அந்தக் கவளம் மட்டும் எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஊறட்டும்.