எந்தத் தண்ணீர் என்று கேட்டாய்

ஆமத்தூர்,
21-6-1959, ஞாயிறு.

என் அன்புள்ள ஞானபூரணிக்கு,

சத்தியநாதன் எழுதுவது. ஆண்டவர் உனக்குச் சரீர சுகத்தையாவது குறைவில்லாமல் தந்திருப்பார் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகிறது.

நாகபுரியிலிருந்து நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்துக்கு நான் நாலு வரிதான் பதில் போட்டேன். இரண்டாவதில், ஆறு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு பிரசவப் பயிற்சி, சர்டிபிகேட் என்று வந்த என் பாவம்தான் ஜெயக்கொடியைக் கொண்டுபோய்விட்டது, பரீட்சை எழுதாமல் திரும்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையாவது தபாலில் சேர்க்க வேண்டும்.

தந்தி கிடைத்து நீ வந்து சேருவதற்குள் பிள்ளையை அடக்கம் செய்து மூன்று நாளாகிவிட்டது. வாந்திபேதியில் போன உடம்பை வைத்திருக்க விடமாட்டார்கள் என்று உனக்கே தெரியும். நீ கல்லறையில் அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அவளுக்கு எந்தத் தண்ணி குடுத்தீக?" என்றாய். ஓடை ஊற்றுத் தண்ணீர்தான், நீ சொன்னபடி துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தேன் என்று சொன்னேன்.

அது பொய், ஞானபூரணி.

நீ புறப்பட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போனது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. நம் வீட்டுக் கிணறு உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். ஊருணித் தண்ணீர் ருசிதான், ஆனால் அதில் காலைத் துளைத்துக்கொண்டு புழுவாக வெளிவரும் நரம்புச் சிலந்தி உண்டு. வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற மூக்கம்மாள் காலையில் கொண்டுவரும் இரண்டு குடத்தையும் இரட்டைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டு, ஆறவைத்து மூடிவைக்க வேண்டும். சித்திரை வரைக்கும் அப்படித்தான் செய்தேன். சத்தியமாகச் செய்தேன்.

பிறகு ஊருணி வற்றிவிட்டது. மூக்கம்மாள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு, உச்சி வெயிலில் ஒரு குடம் கொண்டுவருவாள். கலங்கலாக இருக்கும். காய்ச்சினால் புகை நாற்றம் வேறு. பிள்ளை குடிக்கமாட்டேன் என்று தம்ளரைத் தள்ளிவிடுவாள். "அப்பா, இது மண்ணு மாதிரி இருக்கு" என்பாள். நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் உதடு வெடித்துத் திரிந்தாள்.

சிவகாசி ரோட்டில், ஊருக்கு வெளியே வெள்ளைத்துரை முதலாளியின் தோட்டம் இருக்கிறதல்லவா, அந்தக் கிணற்றை அப்போதுதான் பார்த்தேன். காவல்காரன் ஊர்க்காவலன் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். வீட்டுக்குக் கொண்டுவந்து பரீட்சை பண்ணினேன். சோப்பு நன்றாக நுரைத்தது. துவரம்பருப்பு கால் மணி நேரத்தில் குழைந்தது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு தூசி இல்லை. ஆமத்தூரில் இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்று நானே தீர்மானித்துவிட்டேன். லீவு நாள்தானே, விடிந்ததும் சைக்கிளில் போய் ஒரு குடம் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு வாரம் காய்ச்சினேன். அப்புறம், இவ்வளவு சுத்தமான தண்ணீரை எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளை சொம்பு சொம்பாகக் குடித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உனக்கு எழுதிப் பெருமைப்பட வேண்டும் என்று கூட நினைத்திருந்தேன்.

மூக்கம்மாள் எச்சரித்தாள். ஒரு நாள் குடத்தோடு நான் வருவதைப் பார்த்துவிட்டு, "சார், அந்தத் தண்ணி வேண்டாம். கிணத்துக்கு மேட்டுப் பக்கம் வண்டிப்பேட்டை. லோடு ஏத்திட்டு வாரவுக அம்புட்டுப் பேரும் அங்கனதான் ஒதுங்குதாக. ஒரு மழை பெஞ்சா எல்லாம் இதுக்குள்ளதான இறங்கும்" என்றாள். நான் சிரித்தேன். தண்ணீரைப் பற்றி உனக்கு என்ன தெரியும், நான் பரீட்சை பண்ணிப் பார்த்திருக்கிறேன் என்றேன். இருபது வருஷமாகத் தண்ணீர் சுமக்கிறவளிடம் அப்படிச் சொன்னேன்.

வைகாசியில் கோடை மழை இரண்டு நாள் கொட்டியது. நாலாம் நாள் விடியற்காலையில் ஜெயக்கொடிக்கு ஆரம்பித்தது. கம்பவுண்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். அவர் வந்து சேருவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கக் கொடுத்தேன். அந்தக் குடத்திலிருந்துதான் கொடுத்தேன். பகல் இரண்டு மணிக்கு, கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

நீ வருவதற்கு முதல் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் நீ கேட்டதைத்தான் கேட்டார். தெருவே கூடி நின்றது. வாத்தியார் வீட்டில், நர்ஸ் வீட்டில், காய்ச்சாத தண்ணீர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மூக்கம்மாள் கொண்டுவருகிற ஊற்றுத் தண்ணீர்தான், காய்ச்சித்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதே எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். குடத்தை எங்கன வச்சாளோ, எந்தக் கையால மொண்டாளோ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "நான் நல்ல தண்ணிதான் சாமி கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஒரு வீட்டிலும் அவளைத் தண்ணீர் ஊற்ற விடவில்லை. ஒரு வாரத்தில் ஊரைவிட்டே போய்விட்டாள்.

நீ கேட்டபோது உன்னிடமும் அதையே சொன்னேன். ஒருமுறை சொன்ன பொய்யை மாற்றத் தைரியம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஓடை ஊற்றுக்கும், ஊருக்குள் இருக்கிற கிணறுகளுக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். தோட்டத்துக் கிணற்றை அவருக்கு யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டியவன் நான்.

நீ நாகபுரிக்குத் திரும்பிப் போன பத்தாம் நாள் ஊர்க்காவலனின் மகள் ராமுத்தாய்க்கு வாந்திபேதி கண்டது. என்னிடம் மூன்றாம் வகுப்பு வாசிக்கிற பிள்ளை. வரிசையில் முதலில் வந்து நிற்பாள். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். உயிரோடு போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஆளை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கிணற்றுக்கு மருந்து போட்டு, இறைக்கக் கூடாது என்று முள் அடைத்துவிட்டார்கள். நான் ஊர்க்காவலன் குடிசைக்குப் போனேன். அவனிடமும் சொன்னேன். அவன் அழுது முடித்திருந்தான். "முன்னெல்லாம் நாங்க அதைச் செடிக்குத்தான் சார் இறைப்போம். குடிக்க ஊத்துத் தண்ணிதான். படிச்சவுக நீங்களே கொண்டுபோறீகளேன்னுதான் புள்ளைக்கும் அதையே குடுத்தோம்" என்றான். அடித்திருந்தால் கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் எனக்கு உட்காரப் பாய் எடுத்துப் போட்டான்.

மூக்கம்மாள் நாரணாபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேற்றுப் போனேன். அங்கே ஒரு வெடி கம்பெனிக்குப் பட்டாசுக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிறாள். பத்து விரலிலும் பசை காய்ந்து கிடந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை மன்னித்துவிடு, ஊருக்குத் திரும்பி வா, எல்லார் முன்னாலும் நான் சொல்கிறேன் என்றேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. "சார் இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னுதான் ஒரு வாரம் கிடந்தேன். இனி அங்கன வந்து என்ன செய்ய? என் கையால எவுக வாங்கிக் குடிப்பாக?" என்றாள். இன்னொரு குழாயைச் சுற்றி வைத்துவிட்டு, "நர்சம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப முதல்ல அங்க சொல்லுங்க. பெத்தவ எதை நினைச்சு அழணும்னு தெரியாம அழுதுக்கிட்டு இருப்பா" என்றாள்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அனுமதி கேட்டுச் சபைக்கு முன்னால் எழுந்து நின்றேன். மூக்கம்மாள் மேல் குற்றம் இல்லை, என் மேல்தான் என்று சொன்னேன். வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் தோளைத் தட்டி, எல்லாம் கர்த்தருடைய சித்தம் சார் என்றார். எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை. கர்த்தர் ஒரு குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. பிள்ளையைச் சாகக் கொடுத்ததையாவது அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ராமுத்தாயை அறிந்தே சாகக் கொடுத்தேன். அந்தக் கிணறுதான் என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. ராத்திரி படுத்தால் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். யாரும் வருவதில்லை. வீடு சும்மா கிடக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுகிறேன் என்று மானேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு ஆள் வருகிற வரைக்கும் போக வேண்டும் என்கிறார். மூன்றாம் வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது ஒரு பெயரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

ஞானபூரணி, நீ இங்கே திரும்பி வர வேண்டாம். என்னோடு இருக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் பரீட்சையை மட்டும் எழுதிவிடு. நீ பயிற்சிக்குப் போனதால் பிள்ளை சாகவில்லை. நீ சொல்லிவிட்டுப் போனதை நான் செய்யாததால்தான் செத்தாள். உன் மேல் ஒரு அணுவளவு குற்றமும் இல்லை. என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினை. இதை மட்டும் நம்பு. இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நீ கையில் ஏந்துகிற பிள்ளைகளெல்லாம் பிழைத்திருக்க வேண்டும். ஆண்டவர் உன்னைத் தனியாக விடாதிருப்பாராக. என்னைப் பற்றி அவரிடம் நீ ஒன்றும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயக்கொடியின் தகப்பன்,
சத்தியநாதன்.