துணை அமைச்சர் என்று எழுதியது நான்

அக். 6, திங்கள்
காலையிலேயே வெயில். அமெரிக்காவில் இந்தக் கேட்டி ஊரில் அக்டோபர் காலண்டரில் மட்டும்தான்.
செய்ய: ஆயில் சேஞ்ச். நூலகப் புத்தகம். சனிக்கிழமைக்குப் புடவை இஸ்திரி.
தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. சிறப்பு விருந்தினர் நடேசன் அங்கிள் (இனி ந.). யாழ்ப்பாணத்துக்காரர். கனடா அரசு அலுவலகத்தில் சின்ன வேலையில் சேர்ந்து டெபுடி மினிஸ்டர் வரை போனவர். பிறகு அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். இப்போது மகள் மைதிலி அக்கா வீட்டில், இரண்டு தெரு தள்ளி. அவர் வாழ்க்கையைத் தமிழில் பத்து வரியாக எழுதியது நான். கொஞ்சம் கர்வம்.

அக். 7, செவ்வாய்
மை. அக்கா ஃபோன். "துணை அமைச்சர் எண்டு ஆர் எழுதினது?"
நான்தான். டெபுடி என்றால் துணை, மினிஸ்டர் என்றால் அமைச்சர். அகராதியைத் தொடவே இல்லை. கனடாவில் அவர் மந்திரியே கிடையாது. தேர்தலில் நிற்காத தலைமை அதிகாரி, நம் ஊர் துறைச் செயலாளர் மாதிரி. எந்தக் கட்சி வந்தாலும் வெளியே வாய் திறக்கக் கூடாதவர்.
அழைப்பிதழ் டொராண்டோ போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ஒரு குரல் பதிவு, குழு குழுவாகச் சுற்றுகிறது: "இவர் மந்திரியாம்! எங்கட சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை இந்த மந்திரி என்ன செய்தவர்?"
தயிர் சாதம் அப்படியே ஃப்ரிட்ஜில்.

அக். 8, புதன்
பள்ளி ஒருங்கிணைப்பாளர் ரமேஷ் அண்ணாவிடம் திருத்தம் அனுப்பச் சொன்னேன்.
"விடும்மா. செயலாளர்னு போட்டா சங்கச் செயலாளர்னு நினைச்சுப்பாங்க. மினிஸ்டர்னாதான் கூட்டம் வரும்."
"அண்ணா, அவரைத் திட்டறாங்க."
"என்னையும்தான். போன வருஷச் சாம்பாருக்கு இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்."
நானே அனுப்பினேன். 'தவறு என்னுடையது' என்று பெயர் போட்டு. மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். குரல் பதிவு நிற்கவில்லை.
மை. அக்கா: "அப்பா சனிக்கிழமை வாறாரோ தெரியேல்லை. ஒண்டும் கதைக்கிறாரில்லை."

அக். 9, வியாழன்
மழை. ந.வைப் பார்க்கப் போனேன். மன்னிப்பு வாக்கியம் காரிலேயே மூன்று தடவை ஒத்திகை.
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "மந்திரியிட்டை மனு குடுக்க வந்தனீரோ, பிள்ளை?"
சிரிக்க முடியவில்லை. திருத்தத்தைச் சொன்னேன்.
"பார்த்தனான். அந்தக் குரல் என்ரை மச்சான்ரை. நான் மந்திரியில்லை எண்டு அவனுக்கு நல்லாத் தெரியும். அந்த நேரம் நாள் தவறாமல் போன் எடுத்தவன், ஏதாவது சொல்லு, சொல்லு எண்டு. அரசாங்க உத்தியோகத்தன் வெளியிலை கதைக்கேலாது எண்டனான்."
பத்து வரி எழுதியவள். எந்த வருஷம் எந்தப் பதவியில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் சண்டை நடந்துட்டுதானே அங்கிள் இருந்தது?"
ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வரிசையாக வைத்தார். ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை.

அக். 10, வெள்ளி
புடவை இஸ்திரி. ஆயில் சேஞ்ச் மறந்தாயிற்று.
முதல் தப்பு ஒரு சொல். அதற்குத் திருத்தம் போட முடிந்தது. நேற்றுக் கேட்டது தப்பா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.
மை. அக்காவிடமிருந்து எதுவும் இல்லை.

அக். 11, சனி
வந்தார். கோட், டை. என்னைப் பார்க்கவில்லை.
அறிமுகத்தை நான்தான் வாசித்தேன். 'துறைச் செயலாளர்' என்ற இடத்தில் குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது.
ந. மைக் பிடித்து: "என்னை மந்திரியாக்கினதுக்கு இந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டவ. பிறகு ஒரு கேள்வியும் கேட்டவ. அதே கேள்வியைக் கேட்ட இன்னொருத்தன் டொராண்டோவிலை இருந்து இதைப் பார்க்கிறான்." நேரலைக் கேமராவைத் தேடித் திரும்பினார். "மச்சான், அரசாங்கத்திலை இருக்கேக்கை எனக்குச் சட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்திலை என்ரை வாயை ஒருத்தரும் கட்டேல்லை. அந்தப் பதவிக் கதிரை பிடிச்சிருந்தது. அவ்வளவுதான்."
ரமேஷ் அண்ணா ஓரத்தில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்குப் பின்னால் ஒரு குழந்தை, "அம்மா, வாட் இஸ் ஹி சேயிங்?"
"சாரி சொல்றார்டா."
"ஃபார் வாட்?"

வீட்டுக்கு வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. மை. அக்கா மெசேஜ்: 'டொராண்டோ மாமா போன் எடுத்தவர். அப்பா அறைக் கதவைச் சாத்திப்போட்டுக் கதைக்கிறார்.'