ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளுக்கிற படம்

அன்பு மகன் அன்புராஜுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், மாடும் கன்றும்கூட நன்றாக இருக்கின்றன, அந்தப் போலந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஈர சாக்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே. வாராவாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்கும் உங்க நைனாவுக்கும் சேர்த்து இருப்பது ஒரே போன், நீ பேசினால் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் தங்கை நர்மதா செல்லில் பேசலாம் என்றால் அவள் வீட்டில் இருக்கும் நேரம் அவரும் இருக்கிறார். அதனால்தான் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். நர்மதா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், அவள் எடுக்கிற படமாவது வெளுக்காமல் வரட்டும். அவளுக்கு சிப்காட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன் என்று புலம்புகிறாள், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிகிறது. கார்த்திகை மழை இந்த வருஷம் அளவோடு பெய்தது, சம்பாப் பயிர் நன்றாக நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ உங்க நைனாவிடம், அந்தக் கேமராவைத் தூக்கிப் போடு நைனா, புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பறேன் என்று சொன்னாய் அல்லவா. நீ நல்ல மனசோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த மனுஷன் முகம் விழுந்துபோனதை நான்தானே பார்த்தேன். சரி சரி என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். இன்னா ஆச்சு உனுக்கு என்று கேட்டேன், பசி இல்ல உடு என்கிறார். அன்றிலிருந்து இப்படித்தான், கேமராவைத் தொடவும் இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை.

நீ போன போது நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க நைனா, தான் காண்ட்ராக்டரிடம் கெஞ்சி ரோலிங் மில்லில் வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை வெளிநாடு போகிறானே என்று, போறவன் போவட்டும் என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குக்கூட வரவில்லை. அப்புறம் இரண்டு வருஷம், அடேயப்பா, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் பட்ட பாடு! நைனா மாத்திரை சாப்டுச்சா கேளும்மா என்று நீ அங்கிருந்து சொல்வாய், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும், அவர் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சாப்ட்டேன்னு சொல்லு உன் புள்ளையாண்ட என்பார். ஒரே வீம்பு. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

ஆடி மாசம், போன போகத்து நெல் கதிர் விட்டபோது, வயலைப் படம் எடுக்கிறேன் என்று பீரோவிலிருந்து உன் காலேஜ் காலத்துக் கேமராவை எடுத்தார். எல்லாப் படமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது, வானம் எது நெல் எது என்று தெரியவில்லை. உன்னிடம் சொன்னேன், திரையில் பிளஸ் மைனஸ் பாரு, நம்பர் பாரு என்றாய், நான் கண்ணாடி இல்லாமல் எதையோ படித்து எதையோ சொன்னேன். பொறுக்காமல் உங்க நைனா போனைப் பிடுங்கி, இன்னாடா நம்பரு, எங்க கீது, சொல்லு என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் உன்னிடம் பேசின முதல் பேச்சுடா அது. சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். வெளிச்சம் அதிகமாக உள்ளே போகிறது, பிளஸ் இரண்டில் இருப்பதைச் சைபருக்குக் கொண்டு வா என்று நீ சொன்னாய், படம் பளிச்சென்று வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வெளுத்தது. நீயும் சலிக்காமல் ஐ.எஸ்.ஓ.வைக் குறை என்றாய், பிளாஷை அணை என்றாய், லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருக்கும் மெத்தென்ற துணியால் துடை என்றாய், உச்சி வெயிலில் எடுக்காதே என்றாய். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அங்க இன்னா சாப்புட்ற, பனி கொட்டுதா, ரூம்ல கூட யாரு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லா செட்டிங்கையும் அழித்துப் பழையபடி ஆக்கிவிடு, அப்புறம் தொந்தரவே இருக்காது என்று நீ சொன்னபோது மட்டும், அதெல்லாம் வேணாண்டா தேதி போய்டும் என்று மழுப்பிவிட்டார்.

இதென்ன பேஜாரு என்று நர்மதா கேமராவின் கார்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். எத்தனை படம் என்கிறாய்! கன்றுக்குட்டியின் கண் இமை தெரிகிறது, நெல் மணியின் மூக்கு தெரிகிறது, நான் குனிந்து வாசல் பெருக்குவது எனக்கே தெரியாமல் எடுத்தது, நீ விட்டுப் போன பைக்கைத் துடைத்து நிறுத்தி எடுத்தது, எல்லாம் கண்ணாடி மாதிரி. தேதி பார்த்தால் திங்கள் செவ்வாய் வெள்ளி. வெளுத்ததெல்லாம் ஞாயிறு. அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நைனாவுக்கு கேமரா சூப்பரா தெரியும்மா, ஞாயித்துக்கிழம காலைல நைனாவே பிளஸ்ஸ ஏத்தி வச்சிக்கினு அண்ணன் போனுக்குக் காத்துக்கினு கீது என்றாள். நான் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கதவு ஓரமாக நின்று பார்த்தேன். வாசல் கட்டிலில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடி, பட்டனை அமுக்கி அமுக்கி ஏற்றிவிட்டு, மோட்டார் கொட்டகையை ஒரு படம் எடுத்தார், வெளுத்ததா என்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், அப்புறம் போனை மடியில் வைத்துக்கொண்டார். உங்க நைனா தணிகாசலம் என்றால் ஊரில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், அந்த ஆள் இப்படிக் குழந்தை மாதிரி. அன்றைக்குப் பார்த்து நீ தூக்கிப் போடச் சொல்லிவிட்டாய்.

புதுக் கேமராவுக்கு ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்திவிடு கண்ணு. அது எப்போதும் நல்ல படமே எடுத்துவிட்டால் உங்க நைனா உன்னிடம் எதைக் கேட்பார்? நல்லா இருக்கியாடா என்று நேராகக் கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வராது, இந்த ஜென்மத்தில் வராது. உனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, சிரித்துத் தொலைக்காதே. கிண்டல் பண்ணினாய் என்று தெரிந்தால் கேமராவைக் கிணற்றில் போட்டுவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வார், அப்புறம் என்னால் ஆகாது.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைத்தால், போன்ல சொன்னா புரியாது நைனா, கைல வாங்கிப் பாத்தாத்தான் கோளாறு தெரியும், நான் வர்ற வரிக்கும் அத அப்டியே வையி என்று சொல். வா என்று அவர் சொல்ல மாட்டார். ஆனால் நீ அப்படிச் சொன்னால் அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவார், அது எனக்குத் தெரியும்.

எல்லம்மன் உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும், நீ நோய் நொடி இல்லாமல் நல்லா இருக்கணும் சாமி. படித்ததும் இதை அழித்துவிடு. முக்கியமாக ஒன்று, நீ ஊருக்கு வருகிற சேதியை என்னிடம் சொல்லி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போனை அவர் கையில் கொடுக்கச் சொல்லி, நீயே அவரிடம் சொல்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
குப்பம்மாள்