துபாயில் திறந்த ஜன்னல்

ஆகஸ்ட் 16, 2005. செவ்வாய் இரவு.

துபாயிலிருந்து வந்து மூன்று நாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

அம்மாவுக்கு ஜேர்மனி விசா மறுத்துவிட்டார்கள். சண்டைக்குத் தப்பி வந்த எனக்கு ஊருக்குப் போக இன்னும் பயம். அதனால்தான் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு துபாயில் சந்தித்தோம். மகளுக்குப் பள்ளி விடுமுறை இப்போதுதான் என்பதால் இந்த மாதம் போனோம். துபாய் வெயிலை நான் யோசிக்கவே இல்லை.

முதல் நாள் விடியற்காலை எழும்பினேன். கோடையில் இங்கே ஜேர்மனியில் செய்கிற பழக்கத்தில், குளிர்ந்த காற்று வரட்டும் என்று ஹோட்டல் ஜன்னலை அகலத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அறை முழுக்கப் புழுக்கம். அம்மா கட்டிலில் குந்தியிருந்து, வியர்த்து ஒழுக, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சாத்தினேன். "ஏனம்மா, நீங்கள் சாத்தியிருக்கலாமே?"

"நீ திறந்துவிட்டனி, பிள்ளை. உனக்குக் காத்து வேணுமாக்கும் எண்டு இருந்தன்."

ஏழு நாளில் நான்கு நாள் அம்மாவுக்கு மருந்தோடும் மூடிய திரைச்சீலையோடும் போனது. கடற்கரைக்குக்கூடக் கூட்டிப்போக முடியவில்லை.

இன்று தொலைபேசியில் அம்மா சொன்னார்: "வெக்கை எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நீ யோசியாத."

பின்னேரம் மகள் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள். வீடு அதிரக் கத்தினேன். அவளும் திருப்பிக் கத்திவிட்டு, வந்து சாத்தினாள்.

முன்பென்றால் அம்மாவும் என்னை அப்படித்தான் ஏசுவார். அன்று ஹோட்டலிலும் ஒரு முறை ஏசியிருக்கலாம்.